ஒரு மதிப்புரைக்குத் திருத்தம்

1983இல், ஐந்து இதழ்களோடு நின்றுபோன ஒரு சிறுபத்திரிகையின் மூன்றாவது இதழில், நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரை வெளிவந்தது. இரண்டரைப் பக்கம். அதில் ஒரு தவறு இருக்கிறது. தவறு என்று தெரிந்தே நாற்பது வருஷங்களாகத் திருத்தாமல் வைத்திருந்தேன் என்று சொல்லிவிட முடியாது. முதல் இருபது வருஷங்கள் அது தவறு என்றே எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு, யார் இதை ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள் என்ற சௌகரியம் வந்து சேர்ந்தது. அச்சானது முந்நூறு பிரதிகள். மிஞ்சிய கட்டுகளை ஆசிரியரே எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். கவிஞர் நாலு வருஷங்களுக்கு முன் இறந்துவிட்டார். ஆகவே இந்தத் திருத்தத்தால் யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தும் எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

நண்பர் பிறந்தது கோலார் தங்கவயலில். தகப்பனார் குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர். வட ஆற்காட்டிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. தகப்பனார் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது இவரும் வந்தார். ஒயரிங் வேலை கற்றுக்கொண்டு வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் இழுத்துக்கொடுத்தார். ஊரில் அவர் ஒயர்மேன். கவிஞர் என்று தெரிந்தவர்கள் எங்களைப்போல ஏழெட்டுப் பேர்தான். அந்தத் தொகுப்பு 48 பக்கம், டிரெடில் அச்சு, சொந்தக் காசு.

அதன் கடைசியில் ஒரு நெடுங்கவிதை. சுரங்கக் கூண்டில் இறங்குகிற ஒருவன், இறங்க இறங்க, உலகத்தில் உள்ளதையெல்லாம் எண்ணிக் கூட்டிக்கொண்டே போகிறான். அடியில் போய்ச் சேரும்போது கூட்டுத்தொகை பூஜ்யம் என்று வருகிறது. அவன் பயப்படுவதில்லை. சட்டைப்பையில் இருக்கும் பித்தளை வில்லையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். அவ்வளவுதான் கவிதை. இப்படிச் சுருக்கிச் சொல்வது அதற்குச் செய்கிற அநியாயம் என்று தெரியும். ஆனால் நான் முன்பு செய்தது இதைவிடப் பெரிய அநியாயம்.

அந்த வருஷங்களில் சூன்யம், வெறுமை, இன்மை ஆகிய சொற்கள் புதுக்கவிதையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தன என்பது இதைப் படிக்கிறவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சிலர் அவற்றைத் தாராளமாகச் செலவு செய்தவர்கள். நானும் செய்திருக்கிறேன். பூஜ்யம் என்ற சொல்லைக் கண்டதும் இதுவும் அதே சரக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். போதாக்குறைக்கு நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்தவன். இரண்டாம் வகுப்பில் தேறி சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தவன். இலக்கியக் கூட்டத்தில் பௌதிகம் தெரிந்த ஒரே ஆள் என்கிற ஹோதா எனக்கு இருந்தது. நூலகத்தில் ஓர் ஆங்கில விஞ்ஞானப் பத்திரிகையில், பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதில் கொஞ்சம் பொருள் மிஞ்சியது, அந்த மிச்சம்தான் நாம் என்கிற கட்டுரையைப் படித்திருந்தேன். அதை எங்காவது காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கவிஞருக்கு விஞ்ஞானம் தெரியவில்லை என்று எழுதினேன். பிரபஞ்சத்தின் கூட்டுத்தொகை பூஜ்யம் அல்ல. பூஜ்யமாக இருந்திருந்தால் இந்தக் கவிதையும் இல்லை, இதற்கு மதிப்புரையும் இல்லை என்று எழுதினேன். இந்த வாக்கியத்தை இரண்டு மூன்று பேர் பாராட்டினார்கள்.

பதினைந்து நாளில் அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கோபம் ஏதும் இல்லை. தான் கூட்டியது மின்னூட்டத்தை என்றும், நான் கூட்டியிருப்பது பொருளை என்றும், இரண்டும் ஒரே பேரேடா என்றும் கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. கேள்வி எனக்குப் புரியவில்லை என்பதே உண்மை. ஆனால் பதில் தெரிந்தவன் அலட்சியத்தால் பதில் போடாமல் இருக்கிற மாதிரி எனக்கு நானே பாவனை செய்துகொண்டேன்.

இரண்டும் ஒரே பேரேடு அல்ல. அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

மின்னூட்டத்தில் இரண்டு வகை உண்டு என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஒன்றுக்குக் கூட்டல் குறியும் மற்றதற்குக் கழித்தல் குறியும் போட்டவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1747 வாக்கில். எதற்கு எந்தக் குறி என்பதில் அவர் செய்தது ஓர் ஊகம். நூற்றைம்பது வருஷம் கழித்து, 1897இல் ஜே.ஜே. தாம்ஸன் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தபோது, கம்பியில் ஓடுகிற அந்தத் துகளுக்குக் கழித்தல் குறிதான் விழுந்தது. ஃபிராங்க்ளின் மாற்றிப் போட்டிருந்தால் எலெக்ட்ரான் இன்றைக்கு நேர்மின் துகளாக இருந்திருக்கும், உலகத்தில் ஒன்றும் மாறியிருக்காது. ‘எதிர்’ என்ற முன்னொட்டைப் பார்த்ததும் அதில் தத்துவம் தேடுகிற நம் கவிஞர்கள் சிலருக்கு இதைச் சொல்லத் தோன்றும், சொன்னதில்லை.

இந்த விசையின் பலத்தை நாம் உணர்வதே இல்லை. ஒரு ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானும் எலெக்ட்ரானும் மின்விசையால் இழுத்துக்கொள்வது, ஈர்ப்பு விசையால் இழுத்துக்கொள்வதைப்போல எத்தனை மடங்கு என்றால், 2 போட்டுப் பக்கத்தில் 39 பூஜ்யங்கள் எழுத வேண்டும். ஃபெயின்மன் தன் பௌதிக விரிவுரைகளின் இரண்டாம் தொகுதியை இந்தச் சங்கதியில்தான் ஆரம்பிக்கிறார். ஒரு கை நீளத்தில் நிற்கும் இரண்டு மனிதர்களின் உடம்பில் புரோட்டான்களைவிட எலெக்ட்ரான்கள் நூற்றுக்கு ஒன்று அதிகமாக இருந்துவிட்டால், அவர்கள் ஒருவரையொருவர் தள்ளுகிற விசை இந்தப் பூமியின் எடைக்குச் சமமான ஒரு பாரத்தையே தூக்கிவிடும் என்று கணக்கிட்டுக் காட்டுகிறார். எழுபது கிலோ ஆள் ஒருவரின் உடம்பில் உள்ள எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை சுமார் 2 போட்டு 28 பூஜ்யங்கள். புரோட்டான்களும் அதே எண்ணிக்கை. நாம் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடிகிறது என்பது, இந்த இரண்டு எண்ணிக்கைகளும் அவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவதால் கிடைத்த சலுகை.

எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது. ஒரு புரோட்டானின் மின்னூட்டமும் ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டமும் அளவில் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்கிறது. என் அனுபவத்தில் பௌதிகத்திலேயே விசித்திரமான விஷயம் இதுதான். இரண்டுக்கும் வேறு எதிலும் ஒற்றுமை கிடையாது. புரோட்டான் 1836 மடங்கு கனமானது. அது குவார்க்குகளால் ஆனது. எலெக்ட்ரானுக்குள் இதுவரை யாரும் எதையும் பார்த்ததில்லை. அணுக்கருவைக் கட்டிவைத்திருக்கும் விசை எலெக்ட்ரானைத் தொடுவதே இல்லை. குலம் வேறு, கோத்திரம் வேறு, சுபாவம் வேறு. மின்னூட்டத்தில் மட்டும் மயிரிழை பிசகாமல் சரிசமம்.

சரிசமம் என்று எப்படித் தெரியும்? 1925இல் பிக்கார்டும் கெஸ்லரும் ஒரு சோதனை செய்தார்கள். பின்னாளில் பலூனில் ஏறி வானத்தின் மேலடுக்குக்குப் போய் உலகப் புகழ் பெற்ற அதே பிக்கார்டுதான். உலோகப் பாத்திரம் ஒன்றில் கரியமில வாயுவை அடைத்து, பாத்திரத்தைத் தரைத் தொடர்பில்லாமல் வைத்து, வாயுவை மெல்ல வெளியே விட்டார்கள். ஒவ்வொரு மூலக்கூறிலும் துளி மின்னூட்டம் மிஞ்சியிருந்தால், வாயு வெளியேற வெளியேற, பாத்திரத்தில் எதிர்வகை ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. எவ்வளவு எளிமையான காரியம் பாருங்கள். திறந்துவிட்டுவிட்டுக் காத்திருப்பது.

1959இல் லிட்டில்டன், போண்டி என்ற இரண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், ஹெர்மன் போண்டி பெரிய ஆள்.) புரோட்டானின் மின்னூட்டம் எலெக்ட்ரானுடையதைவிட அற்பசொற்பம் அதிகமாக இருந்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி. எவ்வளவு அற்பம் என்றால், 1 போட்டு 18 பூஜ்யங்கள் எழுதினால் வருகிற எண்ணில் இரண்டு பங்கு. அந்த அளவு போதும், பொருள் முழுதும் லேசாக மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று தள்ளி, ஈர்ப்பை வென்றுவிடும். நட்சத்திர மண்டலங்கள் விலகி ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணமாகலாம் என்றார்கள். பிரபஞ்சம் முழுதும் விரிவதே ஒரு சின்னக் கணக்குப் பிசகால் என்பது எனக்கு இன்றைக்கும் பிடித்த சிந்தனை. ஆனால் அது பொய். அதே வருஷம் ஹில்லஸ், கிரான்ஷா என்ற இருவர் பிக்கார்டின் பாத்திரத்து முறையையே ஆர்கானிலும் நைட்ரஜனிலும் செய்துபார்த்து, அவ்வளவு வித்தியாசம் இல்லை என்று காட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் கிங் என்பவர் இன்னும் நுட்பமாகப் போனார். 1973இல் வெளியான அவருடைய சோதனையில், உலோகக் கோளம் ஒன்றில் அடைத்த வாயுவை ஒலியால் அதிரவைத்து, அந்த அதிர்வோடு மின்னூட்டம் எதுவும் சேர்ந்து அசைகிறதா என்று கவனித்தார்கள். அசையவில்லை. இன்றைக்கு நிலவரம்: வித்தியாசம் என்று ஒன்று இருந்தால், அது 1 போட்டு 21 பூஜ்யங்கள் எழுதின எண்ணில் ஒரு பங்குக்கும் கீழே.

ஆக, மின்னூட்டத்தின் பேரேட்டில் நண்பர் சொன்னது சரி. கூட்டுத்தொகை பூஜ்யம்தான். நமக்கு எட்டும் எந்த அளவுகோலாலும் அதிலிருந்து விலகலைக் காண முடியவில்லை.

அப்படியானால் நான் படித்த கட்டுரை? அதுவும் சரிதான். அது வேறு பேரேடு. பிரபஞ்சம் தோன்றிய முதல் கணங்களில் துகள்களும் எதிர்த்துகள்களும் ஏறக்குறையச் சம அளவில் நிறைந்திருந்தன. டிராக்கின் சமன்பாடு 1928இல் சூசகமாகச் சொல்லி, 1932இல் ஆண்டர்ஸன் கண்ணால் பார்த்த பாஸிட்ரான்தான் முதலில் அகப்பட்ட எதிர்த்துகள். எலெக்ட்ரானின் மறுபடி, மின்னூட்டம் மட்டும் நேர். இரண்டும் சந்தித்தால் இரண்டும் ஒளியாகிவிடும். பிரபஞ்சம் குளிர்ந்தபோது நடந்தது அதுதான். எல்லாம் ஒளியாகிப் போயிற்று. சுமார் நூறு கோடிக்கு ஒன்று என்ற கணக்கில் பொருள் பக்கம் அதிகமாக இருந்தது, அது மிஞ்சியது. அந்தப் பழைய ஒளியை 1964இல் நியூஜெர்சியில் பென்ஸியாஸ், வில்ஸன் இருவரும், முதலில் என்னவென்று தெரியாமலே, தங்கள் ஆன்டெனாவில் இரைச்சலாகப் பிடித்தார்கள். ஒரு கன சென்டிமீட்டருக்கு 411 ஃபோட்டான்கள் வீதம் அது எங்கும் இருக்கிறது. இதை எழுதுகிற பேனாவின் மூடிக்குள்ளும். பொருளோ, பிரபஞ்சம் முழுதும் பரப்பிப் பார்த்தால், நாலு கன மீட்டருக்கு ஒரு புரோட்டானோ நியூட்ரானோ தேறும். அந்த நாலு கன மீட்டரில் ஃபோட்டான்கள் 160 கோடிக்கு மேல். நியூட்ரினோக்களும் கிட்டத்தட்ட அதே கோடிக்கணக்கில். ஃபோட்டானுக்கும் மின்னூட்டம் இல்லை, நியூட்ரினோவுக்கும் இல்லை. பிரபஞ்சத்தில் ஏராளமாக இருப்பவை நண்பரின் கணக்கில் வராதவை. வருவதெல்லாம் இந்த மிச்சம் மீதிதான்.

இரண்டு பேரேடுகளும் சந்திக்கிற இடம் ஒன்று இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு இருபது வருஷம் பிடித்தது. புரோட்டான் பக்கம் அழிவு நடந்து முடிந்தது ஒரு காலத்தில், முதல் விநாடியின் மிகச் சிறிய பங்குக்குள். எலெக்ட்ரானும் பாஸிட்ரானும் அழித்துக்கொண்டது அதற்குப் பிறகு, சில விநாடிகள் ஆன பின், வேறொரு வெப்பநிலையில். இரண்டு தனித்தனிக் கொலைக்களங்கள். ஒன்றில் இத்தனை புரோட்டான்கள் மிஞ்சின. மற்றதில் இத்தனை எலெக்ட்ரான்கள் மிஞ்சின. இரண்டு மிச்சங்களும் ஒன்றுக்கு ஒன்று சரியாக இருந்தன. நூறு கோடியில் ஒன்று என்று இங்கே மிஞ்சியது போலவே அங்கேயும், ஆள் மாறாமல் எண்ணி வைத்த மாதிரி.

காரணம் கேட்டால் பௌதிகம் சொல்வது: மின்னூட்டம் தனியாகப் பிறப்பதில்லை, தனியாகச் சாவதில்லை. நியூட்ரானை எடுத்துக்கொள்ளுங்கள். (நம் கலைச்சொல் அகராதி ஒன்று இதை நொதுமி என்கிறது. நொதுமலர் வரைவு என்று அகத்துறையில் வருகிற அதே அயலார். நல்ல சொல், நிலைக்கவில்லை.) தனியே விட்டால் சராசரி பதினைந்து நிமிஷத்துக்குள் உடைந்துபோகிறது. உடையும்போது ஒரு புரோட்டான், ஓர் எலெக்ட்ரான், கூடவே மின்னூட்டமில்லாத ஒரு எதிர்நியூட்ரினோ. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று ஏறுகிறது, வித்தியாசம் ஏறுவதில்லை. முதல் சில நிமிஷங்களில் ஏழு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் என்று நின்று, அந்த நியூட்ரான்கள் ஹீலியத்துக்குள் போய் அடைக்கலமானதால்தான் சாதாரணப் பொருளில் எடைக்குக் கால்பங்கு ஹீலியம், மீதி ஏறக்குறைய எல்லாம் ஹைட்ரஜன். எண்ணிக்கைகள் இப்படிப் புரண்டுகொண்டே இருந்தன. கூட்டுத்தொகை அசையவில்லை. ஆரம்பத்தில் பூஜ்யமாக இருந்திருந்தால் என்றைக்கும் பூஜ்யம்தான்.

ஆரம்பத்தில் ஏன் பூஜ்யம்? பிரபஞ்சம் ஒரு பந்தின் மேற்பரப்பைப்போல் தனக்குள் மூடியதாக இருந்தால் வேறு வழியில்லை என்கிறார்கள். மின்னூட்டத்திலிருந்து கிளம்புகிற புலக் கோடுகள் எங்காவது போய் முடிய வேண்டும், வெளியே போக இடமில்லை, ஆகவே கிளம்பினது எல்லாம் உள்ளேயே ஓர் எதிர் மின்னூட்டத்தில் முடிந்தாக வேண்டும். அழகான வாதம். பிரபஞ்சம் மூடியதுதான் என்று நிரூபணமாகவில்லை.

இனித் தங்கவயல். நண்பரின் கவிதை அங்கேதானே இறங்குகிறது.

1974இல் ஜியார்ஜி, கிளாஷோ இருவரும் ஒரு கோட்பாடு சொன்னார்கள். குவார்க்கும் எலெக்ட்ரானும் உண்மையில் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள். அதனால்தான் மின்னூட்டங்கள் அவ்வளவு துல்லியமாகப் பொருந்துகின்றன. எனக்கு விசித்திரமாகப்பட்ட அந்தச் சரிசமத்துக்கு முதன்முதலில் ஒரு காரணம் கிடைத்தது. ஆனால் காரணத்துக்கு விலை உண்டு. ஒரே குடும்பம் என்றால் ஒன்று மற்றொன்றாக மாறலாம். புரோட்டான் என்றாவது ஒருநாள் சாகலாம். அதற்கு முன்பே, 1967இல், சகாரவ் வேறு வழியில் இதை நெருங்கியிருந்தார். பொருள் மிஞ்சியிருக்கிறது என்றால், புரோட்டான் வகைத் துகள்களின் கணக்கு மாறவே மாறாது என்ற விதி எங்கோ ஒருமுறை மீறப்பட்டிருக்க வேண்டும். நான் மதிப்புரையில் மார்தட்டின மிச்சம் இருக்கிறதே, அது அந்த மீறலின் சந்ததி.

புரோட்டானின் சாவைப் பார்க்க, மேலிருந்து விழும் காஸ்மிக் கதிர்கள் எட்டாத ஆழம் வேண்டும். உலகத்திலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்று தங்கவயலில் இருந்தது. 1965இலேயே அங்கே வளிமண்டல நியூட்ரினோவைப் பார்த்திருந்தார்கள். 1980இல் பம்பாயின் டாடா நிலையத்தாரும் ஜப்பானியர்களும் சேர்ந்து, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 140 டன் எடையுள்ள கருவியொன்றை, இரும்புத் தகடுகளுக்கு இடையே எண்ணிக் குழாய்களை அடுக்கி நிறுத்தினார்கள். 140 டன்னில் உள்ள புரோட்டான் நியூட்ரான்கள் 8 போட்டு 31 பூஜ்யங்கள். இத்தனை பேரில் வருஷத்துக்கு ஒருவராவது சாகமாட்டாரா என்று காத்திருப்பு. 1981இல் சில சாவுகளைப் பார்த்திருக்கலாம் என்று அறிவித்தார்கள். பத்திரிகைகளில் வந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தண்ணீர்த் தொட்டிகள் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. கோலார்ச் சாவுகள் உறுதிப்படவில்லை. ஜப்பானில் இன்றைக்கு நடக்கும் பெரிய சோதனையின்படி, புரோட்டான் பாஸிட்ரானாகவும் பையானாகவும் சாகும் என்றால் அதன் சராசரி ஆயுள் 2 போட்டு 34 பூஜ்ய வருஷங்களுக்கும் மேல். சுரங்கமே 2001இல் மூடப்பட்டுவிட்டது.

அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் நண்பர் கவிதையை எழுதியிருக்கிறார். புரோட்டான் செத்தால் அந்த இடத்தில் ஒரு பாஸிட்ரான் பிறக்கும். நேர்மின்னூட்டம் ஒன்று போய் நேர்மின்னூட்டம் ஒன்று வருகிறது. என் பேரேட்டில் ஒன்று குறைகிறது. அவருடைய பேரேட்டில் ஒன்றும் நடக்கவில்லை. கவிதையில் இறங்குகிறவன் பயப்படாததற்கு இது ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. இன்னொரு காரணம் அந்த வில்லை.

வில்லை என்ன என்பது எனக்கு 1991இல்தான் தெரிந்தது. என் வீட்டுக்கு ஒயரிங் செய்ய வந்திருந்தார். மூன்று நாள் வேலை. மதிப்புரையைப் பற்றி இருவரும் வாயெடுக்கவில்லை. ஏணியில் நின்றுகொண்டு பழைய கதைகள் சொல்லுவார். சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் எண் போட்ட பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போகவேண்டும், மேலே வந்ததும் திருப்பி மாட்டிவிட வேண்டும். ஷிப்டு முடிந்ததும் பலகையைப் பார்ப்பார்கள். எல்லா ஆணியிலும் வில்லை தொங்கினால் கீழே யாரும் இல்லை.

"எங்கப்பா ஒருநாள் வில்லைய மாட்டாம சட்டைப் பையிலயே போட்டுக்கிட்டு ஊட்டுக்கு வந்துட்டாரு சார். குடிச்சிருந்தாரு. பலகையில ஒரு ஆணி காலி. ஆளு உள்ள மாட்டிக்கிட்டான்னு தேட எறங்கிட்டாங்க. இவரு பாயில படுத்துத் தூங்கறாரு. அவரோட கூட்டாளி ஒருத்தரு ராத்திரி பூரா கீழயே தேடியிருக்காரு. காலையில மேல வந்து, நேரா எங்க ஊட்டுக்கு வந்து, அப்பாவ எழுப்பி, ஒரு அறை உட்டாரு. அப்புறம் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாரு."

நண்பருக்கு அப்போது ஆறு வயது. கதவோரம் நின்று பார்த்திருக்கிறார். காலி ஆணிதான் அவருக்கு வாழ்க்கையில் முதல் பயம் என்றார். எல்லா ஆணியும் நிறைந்து, கீழே ஒருவரும் இல்லை, பாக்கி பூஜ்யம் என்றால் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

நான் அப்போதும் கவிதையை நினைக்கவில்லை. இது ஒரு நல்ல சிறுகதை ஆகும் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மீட்டர் பெட்டியில் இணைப்புக் கொடுக்கும்போது இன்னொன்று சொன்னார். நான் ஏதோ கேட்கவேண்டுமே என்று, நியூட்ரல் கம்பியைத்தான் தொட்டால் ஒன்றும் ஆகாதே, அதற்கு ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்று கேட்டேன்.

"நியூட்ரல்ல ஒண்ணுமே இல்லன்னு எல்லாரும் நெனைச்சுக்கறாங்க சார். மூணு பேஸும் ஒரே அளவா ஓடினா மூணும் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும், இதுல ஒண்ணும் வராது. அதுக்காக இதை வெட்டிட முடியுமா? கம்பத்துல நியூட்ரல் கட்டாச்சுன்னா தெருவுல இருக்கற பல்பு பூரா வெடிச்சிடும். ஒரு ஊட்டுக்கு நானூறு வோல்ட்டு போவும், பக்கத்து ஊட்டுல மினுக் மினுக்குன்னு எரியும்."

இதை விளக்கமாகச் சொல்லிவிட்டு என்னை ஒரு நொடி பார்த்தார். இப்போது நினைத்துப்பார்க்கும்போது, அது எட்டு வருஷத்துக்கு முந்தைய கார்டுக்குப் பதில் வருமா என்று பார்த்த பார்வையோ என்று படுகிறது. அப்படி இல்லாமலும் இருக்கலாம். செத்துப்போனவர்களின் பார்வைக்கு அர்த்தம் சொல்லுவதில் ஒரு சுயநலம் இருக்கிறது. நான் "சரிதான்" என்று சொல்லி உள்ளே போய் டீ போடச் சொன்னேன்.

அந்தத் தொகுப்புக்குப் பிறகு அவர் எதுவும் வெளியிடவில்லை. என் மதிப்புரையால்தான் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். அது எனக்கு நானே கொடுத்துக்கொள்கிற அதிகப்படியான கௌரவம். கல்யாணம், இரண்டு பெண்கள், வேலை. ஆனால் இறந்த பத்தாம் நாள் போயிருந்தபோது அவர் மனைவி ஒன்று சொன்னார். "அவரு எழுதறத உடலங்க. ராத்திரியில எழுதுவாரு. காட்டமாட்டாரு. படிச்சவங்க பார்த்தா தப்பு சொல்லுவாங்கன்னுவாரு." நோட்டுகள் எங்கே என்று கேட்டேன். மழையில் கூரை ஒழுகி நனைந்ததை எல்லாம் மூத்த பெண் போன வருஷம் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டதாகச் சொன்னார். அந்தப் பெண் அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

திருத்தம்: மேற்படி இதழ், பக்கம் 31, கீழிருந்து ஆறாவது வரியில் ‘பிரபஞ்சத்தின் கூட்டுத்தொகை பூஜ்யம் அல்ல’ என்று இருப்பதை ‘கவிஞர் கூட்டியிருக்கும் மின்னூட்டத்தின் தொகை பூஜ்யம்’ என்று திருத்திக்கொள்ள வேண்டும். அதே பக்கத்தில் ‘கவிஞருக்கு விஞ்ஞானம் தெரியவில்லை’ என்பதை அடித்துவிட வேண்டும்.

கவிதையை முழுதாக மறுபடி அச்சில் கொண்டுவர இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். என்னிடம் உள்ள தொகுப்பில் கடைசி நாலு பக்கங்கள் இல்லை. தைத்த நூல் விட்டு எப்போதோ விழுந்திருக்கிறது. கூட்டுத்தொகை வருகிற இடம் வரை இருக்கிறது, அவன் மேலே வருகிறானா இல்லையா என்பது அந்தப் பக்கங்களில்தான். எனக்கு அது ஞாபகம் இல்லை. வீட்டிலும் பிரதி கிடையாது. வாசகர்கள் யாரிடமாவது இருந்தால் பத்திரிகை முகவரிக்கு அனுப்பவும். நகல் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுகிறேன்.